ஜாம்பி குறும்படத்தில் அன்பைக் காட்டுவது எப்படி

ஜாம்பி குறும்படம் எடுக்கலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் கணக்குப் போடுவது ரத்தத்துக்குத்தான். எத்தனை பேருக்கு மேக்கப், கழுத்துச் சதை கிழிவதை எப்படிக் காட்டுவது, கூட்டமாக ஓடிவர ஆள் கிடைப்பார்களா. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் படம் 12 நிமிடம். காதலிக்குக் கடி விழுகிறது, காதலன் அவளை விட்டுப் போக மறுக்கிறான். அதில் நான்கு நிமிடம் அவன் பேசிக்கொண்டே இருப்பான், பின்னால் வயலின், நடுவில் மழையில் ஒரு ஃபிளாஷ்பேக். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது அந்த நான்கு நிமிடமும் அவர்களைத் தொடவே இல்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் அறை அப்படியே அடங்கியது. படப்பிடிப்பில் நடிகையின் செருப்பு வார் நிஜமாகவே கழன்றுவிட்டது. கதைப்படி அவள் அதற்குள் முழுசாக மாறிவிட்டாள், அவன்மேல் பாய வேண்டிய ஷாட் அது. அவனோ ஒரு கையால் அவள் தோளைத் தள்ளிப் பிடித்தபடியே குனிந்து, இன்னொரு கையால் அந்த வாரை மாட்டிவிட்டான். நாங்கள் எழுதாதது, நடிகர் தன் போக்கில் செய்தது. மொத்தம் மூன்று விநாடி இருக்கும்.

அந்த மூன்று விநாடியைத் தற்செயலாக இல்லாமல் வேண்டுமென்றே எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜாம்பி கதையில் காதல் என்பது பிற்பாடு ஒட்டவைத்தது என்று நினைக்காதீர்கள். முழுநீள ஜாம்பி படங்களில் முதலாவது என்று சொல்லப்படும் ‘ஒயிட் ஜாம்பி’ 1932இல் வந்தது. தனக்குக் கிடைக்காத பெண்ணை ஒருவன் மந்திரவாதியைக் கொண்டு ஜாம்பியாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான், அப்புறம் அந்த வெறித்த கண்ணைத் தாங்க முடியாமல் அவளைப் பழையபடி ஆக்கிக்கொடு என்று கெஞ்சுகிறான். 1943இல் வந்த ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’யில், நினைவற்று நடமாடும் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸுக்கு அவளுடைய கணவன்மேல் காதல். அப்படியிருந்தும் அவளைக் குணமாக்கத் துடிக்கிறாள். மனிதச் சதை தின்கிற ஜாம்பி என்பதே 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டுக்குப் பிறகு பரவிய வழக்கம். அதிலும் பெற்ற மகள் கையாலேயே சாகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். ஆக, உடம்பு இங்கே இருக்கிறது, ஆள் இல்லை, இப்போது என்ன செய்வாய் என்ற கேள்விதான் கடிப்பதற்கும் முந்தியது. உங்கள் படமும் அதைத்தான் கேட்கப்போகிறது.

வேலையைக் கண்டுபிடியுங்கள்

கதையை யோசிக்கும்போது ‘அவன் அவளை எவ்வளவு நேசித்தான்’ என்று ஆரம்பித்தால் வசனம்தான் வரும். ‘அவளுக்காக அவன் தினமும் என்ன வேலை செய்தான்’ என்று கேளுங்கள். தலை வாரிவிடுவது, கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது, மருந்துச்சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துவைப்பது, போர்வையை இழுத்துவிடுவது. அப்படி ஒரு சின்ன வேலை. அந்த ஆள் ஜாம்பியான பிறகும் அதே வேலை தொடர்கிறது, அதுதான் படம். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: முன்பு சாதாரணமாக இருந்த அந்த வேலை இப்போது உயிருக்கே ஆபத்தாக மாறியிருக்க வேண்டும். போர்வை இழுத்துவிடுவதில் ஆபத்து குறைவு. தலை வாரும்போது கை வாய்க்குப் பக்கத்தில் போகிறது, அதனால் அது தேறும். நான் இரண்டாவது படத்துக்கு எடுத்துக்கொண்டது நகம் வெட்டிவிடுவது.

வயதான ஒரு மனைவி. கணவர் மாறிச் சில வாரங்கள் ஆகின்றன. நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, ஒரு கைக்கட்டை மட்டும் அவிழ்த்து, மடியில் அந்தக் கையை வைத்து நகம் வெட்டுகிறாள். அவர் கீறினாலே போதும், அவளும் மாறிவிடுவாள். அதனால் நகம் வெட்டுவது அவளுக்குப் பாதுகாப்பு. ஐம்பது வருடமாக அவள்தான் அவருக்கு வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், அதனால் அது பாசமும்கூட. இரண்டில் எதற்காகச் செய்கிறாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பயமும் அன்பும் ஒரே அசைவுக்குள் இருந்தால் நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியதில்லை, பார்க்கிறவர்களுக்கு வயிற்றில் ஏதோ பிசையும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். செத்தவர்களுக்கும் நகம் வளரும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. உடம்பு காய்ந்து விரல்நுனித் தோல் பின்வாங்குகிறது, அதனால் நகம் நீண்ட மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். என் கதையில் அந்த அம்மா வாரம்தோறும் நகத்தைப் பார்த்து, ‘வளருதுன்னா உயிர் இருக்கு’ என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நடுவில் மகள் வருகிறாள். அவளுக்கு விஷயம் தெரியும். “அம்மா, நகம் வளரலம்மா. தோல்தான் சுருங்குது.” முழுப் படத்திலும் அதிரவைக்கிற இடம் இந்த ஒரு வரிதான், அங்கே யாரும் யாரையும் கடிக்கவில்லை. நீங்கள் எந்த வேலையை எடுத்தாலும் அதைப் பற்றி நிஜமாகவே கொஞ்சம் படித்துப் பாருங்கள், இறந்த உடம்பில் முடி என்னாகும், கண் என்னாகும் என்று. கதை பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எழுதும்போது

ஒரு ஜோடி போதும். கணவன் மனைவி, அப்பா மகள், அண்ணன் தங்கை, முப்பது வருட நண்பர்கள், யாராக இருந்தாலும் சரி, இரண்டே பேர். குறும்படத்தில் மூன்றாவது உறவுக்கு நேரம் கிடையாது. மகள் மாதிரி வெளியிலிருந்து வருகிற ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

கடிபட்ட நாளிலிருந்து கதையைத் தொடங்காதீர்கள். நோய் எப்படிப் பரவியது, எந்த ஆய்வகம், எந்த நாடு, ஒன்றும் வேண்டாம். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஜாம்பி என்றால் என்னவென்று தெரியும், அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு நேராக அந்த வேலைக்குள் போங்கள். 2013இல் ஆஸ்திரேலியாவில் வந்த ‘கார்கோ’ என்ற குறும்படம் ஏழே நிமிடம்தான். கடிபட்ட ஓர் அப்பா, கைக்குழந்தையை முதுகில் சுமந்துகொண்டு, தான் மாறிய பிறகும் கால்கள் முன்னால் நடந்துகொண்டே இருக்கும்படி ஒரு கழியில் இறைச்சியைக் கட்டித் தன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டுக்கொள்கிறார். வசனமே கிட்டத்தட்ட இல்லை. அதை எடுத்த இருவரும் பிறகு அதையே முழுநீளப் படமாகவும் எடுத்தார்கள். அந்தக் கழியைப் பாருங்கள்: அது ஒரு கருவி, கையால் செய்தது, அதற்குள் அவருடைய மொத்தப் பாசமும் இருக்கிறது.

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு, ஆனால் இந்த மாதிரி வசனமில்லாத படத்தில் அது பொய்த்துவிடும். ‘அவள் பத்து விரலுக்கும் நகம் வெட்டுகிறாள்’ என்று ஒரே வரியில் எழுதியது எனக்குத் திரையில் இரண்டரை நிமிடம் ஓடியது. அதனால் எழுதி முடித்ததும் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு அந்த வேலையை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

வசனத்தில் ‘நேசிக்கிறேன்’, ‘உன்னை விடமாட்டேன்’, ‘நீ இல்லாமல் நான் இல்லை’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் அவர்கள் நிஜத்தில் பேசிக்கொண்டிருந்த சாதாரணப் பேச்சை வையுங்கள். என் படத்தில் அந்த அம்மா சொல்வது, “ஏங்க, கையை ஆட்டாம வைங்க.” அது கோபமா கொஞ்சலா என்று தெரியாத மாதிரி சொல்ல வேண்டும் என்று மட்டும் நடிகையிடம் கேட்டுக்கொண்டேன்.

அவருக்கு ஞாபகம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் படங்கள் வழுக்கி விழுகின்றன. கடைசி நிமிடத்தில் ஜாம்பியின் கண்ணில் ஒரு சொட்டு நீர், கை நின்றுவிடுகிறது, மனைவியை அடையாளம் தெரிந்துவிடுகிறது. வேண்டாம். அவருக்கு ஞாபகம் திரும்பிவிட்டால் அவள் இத்தனை நாள் செய்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது, அது நிம்மதியான கதையாகிவிடும். பலன் வரும் என்று தெரியாமலே செய்வதுதான் இங்கே நெஞ்சைப் பிடிக்கிற விஷயம். அதற்காக அவரை வெறும் மிருகமாகவும் காட்ட வேண்டாம். இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாதபடி வையுங்கள்.

அதற்கு ஒரு பழைய எடிட்டிங் உண்மை கைகொடுக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்து பார்த்த சோதனை அது. ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகத்தை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் பார்த்தார்கள். ஜாம்பியின் முகத்தைவிட வெறுமையான முகம் சினிமாவில் வேறு எது? அதனால் உங்கள் ஜாம்பி நடிகர் எதையும் ‘நடிக்க’ வேண்டாம். அவர் வெறித்துப் பார்க்கிற ஒரு நீளமான குளோசப் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதை அவள் கழுத்து நரம்புக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டினால் பசி, அவள் மோதிரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஞாபகம். படம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருங்கள். நான் அந்தக் குளோசப்பை இரண்டு நிமிடம் விடாமல் எடுத்தேன், எடிட்டிங்கில் ஆறு இடத்தில் பயன்பட்டது.

நடிப்பவர்களோடு

உயிரோடிருக்கும் பாத்திரத்தில் நடிக்கிறவர் அழக்கூடாது. கடுமையாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அவர் அழுதுவிட்டால் பார்க்கிறவர்கள் அழ வேண்டிய அவசியமில்லை. அவருக்குச் செய்ய வேலை கொடுத்தாயிற்று, அதை ஒழுங்காகச் செய்யட்டும். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே இரண்டு பேரையும் உட்காரவைத்து அந்த வேலையைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். எங்கள் நடிகை நான்காவது நாளிலிருந்து, வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு விரலையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். நான் சொல்லித்தரவில்லை, கை தானாகப் பழகிக்கொண்டது. அந்த அழுத்தலை அப்படியே குளோசப்பில் எடுத்தோம்.

ஜாம்பியாக நடிக்கிறவரிடம் கை கால்களை இழுத்துக்கொண்டு உறுமச் சொல்லாதீர்கள். உடம்பில் ஏதாவது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், உதாரணமாக வலது தோள் எப்போதும் பாரமாக இருக்கிறது என்று. மீதி அசைவெல்லாம் அதிலிருந்து வரும். கண் சிமிட்டாமல் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு டேக்குக்கு இருபது விநாடிக்கு மேல் கேட்காதீர்கள். கலர் லென்ஸ் மாட்ட நினைத்தால் கண் மருத்துவரிடம் அளவெடுத்து வாங்கியது மட்டும்தான், கிடைத்ததை வாங்கி மாட்டினால் கருவிழி புண்ணாகிவிடும்.

கட்டுகிற காட்சிகளில் கயிற்றை நிஜமாக இறுக்காதீர்கள், இழுத்தால் உருவிக்கொள்கிற முடிச்சாக இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கத்திரிக்கோலோடு நிற்கட்டும். தொடுகிற, பாய்கிற, கடிக்கிற ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே பேசி மெதுவாக ஒத்திகை பாருங்கள். யார் வேண்டுமானாலும் சொல்லி நிறுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘வேண்டாம்’, ‘விடு’ எல்லாம் வசனத்திலேயே வந்துவிடும். வெளியில் எடுப்பதாக இருந்தால் அக்கம்பக்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

மேக்கப், ரத்தம்

முகத்தில் கொட்டுகிற நேரத்தில் பாதியைக் கைக்குக் கொடுங்கள், ஏனென்றால் இந்த வகைப் படத்தில் குளோசப் எல்லாம் கைக்குத்தான். விரல்நுனியைச் சுற்றிச் சாம்பலும் ஊதாவும் கலந்து மெல்லிசாகத் தேய்த்தால் தோல் உள்வாங்கின மாதிரி தெரியும். நாங்கள் வெட்டியதெல்லாம் மேலே ஒட்டிய செயற்கை நகங்களை, நடிகரின் விரல் பத்திரம்.

தோல் உரிகிற மாதிரி வேண்டுமென்றால் திரவ லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஒரு பூச்சு, அதன்மேல் கிழித்த டிஷ்யூ, மறுபடியும் லேட்டக்ஸ், காய்ந்ததும் ஓரத்தைப் பிய்த்துவிட்டுக் கலர் போட்டால் போதும். லேட்டக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, அதனால் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவிப் பார்த்துவிடுங்கள். ரத்தத்துக்குக் கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், ஒரே ஒரு சொட்டு நீலம், ஒளி ஊடுருவாமல் இருக்கக் கொஞ்சம் கோகோ பவுடர். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சாக்லேட் சிரப்பே போதும், 1968இல் ரொமேரோ அதைத்தான் பயன்படுத்தினார். பாசத்தை நம்பி எடுக்கிற படத்தில் ரத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எங்கள் படத்தில் மொத்தமே ஒரு துளிதான், அதுவும் அவளுடையது. நகவெட்டி வழுக்கி அவள் விரலிலேயே பட்டுவிடுகிறது, அவர் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

மாற்றம் படிப்படியாக வருகிற கதையென்றால் வரிசைப்படியே எடுக்கப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கை, முகம், கழுத்து மூன்றையும் ஃபோட்டோ எடுத்துவைத்துக்கொள்ளவில்லையென்றால் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உள்ள தோற்றப் பொருத்தம், நிச்சயம் சொதப்பும்.

கேமரா, சத்தம்

வீட்டுக்குள், பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். இருட்டில் பயமுறுத்துவது சுலபம், ஆனால் பகல் வெளிச்சத்தில் ஒருத்தி பொறுமையாகத் தன் புருஷனுக்கு நகம் வெட்டுவது நாள்கணக்கில் மனசைவிட்டுப் போகாது. விநாடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும். அவர் திமிறுகிற ஓரிரு ஷாட்டுக்கு மட்டும் ஷட்டரை 1/200க்கு ஏற்றினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும், கூடவே ஒளி குறையும், அதை ஈடுகட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஃபிரேமில் இருவருக்கும் உள்ள இடைவெளி. தொடக்கத்தில் அவளுக்கு ஒரு ஷாட், அவருக்கு ஒரு ஷாட், சேர்ந்து வரவே கூடாது. அவள் கை மட்டும் அவருடைய ஃபிரேமுக்குள் வந்து போகட்டும். மகள் வந்து போன பிறகுதான் முதல்முறையாக இருவரும் ஒரே வைடு ஷாட்டில். இதைப் பார்க்கிறவர்கள் கவனித்துச் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்த ஷாட் வரும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள்.

சத்தத்துக்கு, லொகேஷனை விட்டுக் கிளம்புமுன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கிற சத்தத்தை, பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். நகவெட்டியின் ‘டக்’ சத்தத்தைத் தனியாக, மைக்குக்கு மிகப் பக்கத்தில் வைத்து, இருபது முப்பது தடவை பதிவு செய்தோம், ஒவ்வொரு விரலுக்கும் சத்தம் கொஞ்சம் மாறும். அவர் மூச்சுக்கு உறுமல் வைக்கவில்லை, குறட்டைக்கும் பெருமூச்சுக்கும் நடுவில் ஒன்று. அவள் வெட்டுகிற தாளமும் அந்த மூச்சின் தாளமும் மெதுவாக ஒன்றாகிவிடுகிற மாதிரி அடுக்கினோம். இசை கிடையாது. உங்களுக்கு இசை வேண்டுமென்றாலும் முதல் வெட்டை, அதாவது ஷாட்டுகளை முதல்முறை கோத்துப் பார்க்கிற வடிவத்தை, இசை இல்லாமல் எடிட் செய்து பாருங்கள். வயலின் இல்லாமல் ஒரு காட்சி நிற்கவில்லையென்றால் அந்தக் காட்சியைத்தான் திருத்த வேண்டும்.

முடிவு

கொல்வது, கடிபடுவது, விட்டுவிட்டுப் போவது என்று மூன்று கதவுதான் கண்ணுக்குத் தெரியும். எதைத் திறந்தாலும் தப்பில்லை, ஆனால் திருப்பத்துக்காகத் திறக்காதீர்கள். படம் முழுக்க நாம் பார்த்த அந்த வேலை கடைசியில் என்னாகிறது என்பதுதான் முடிவு. நான் முதலில் எழுதியது, மகள் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா மனசு உடைந்து கத்தியை எடுப்பது. எழுதிப் பார்த்ததும் பிடிக்கவில்லை, அந்த அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அப்புறம் அவள் தானே கையை நீட்டிக் கடிக்கக் கொடுப்பது, அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் எடுத்தது இது. அடுத்த வாரம், அதே ஜன்னல், அதே நேரம். அவள் வருகிறாள், நியூஸ்பேப்பரை உதறி விரிக்கிறாள், சுருக்கத்தைக் கையால் நீவிவிடுகிறாள், உட்காருகிறாள். அவர் கையைத் தூக்கி மடியில் வைக்கிறாள். நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது, இனி வெட்ட ஒன்றுமில்லை. ஃபிரேமின் ஓரத்தில் கயிறு தரையில் கிடக்கிறது. எந்தக் கையின் கயிறு, ஒன்றா இரண்டா என்று தெரியாது. அவள் கட்டைவிரல் அவருடைய முதல் விரலை ஒருமுறை அழுத்துகிறது. படம் கறுப்பாகிறது, ‘டக்’ என்று ஒரு சத்தம், ஐந்து விநாடி கழித்துப் பெயர்கள்.

முதல் வெட்டு முடிந்ததும் கதை எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர் கையைப் பாருங்கள். எங்களுக்கு முதலில் பார்த்தவர் முப்பது வயது இருக்கும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் விரல்நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.